சின்னப் படத்துக்கு அசோக் குமார் ஆர்டர் வாங்குவது காசுக்கு ஏற்ற வேலையா?

ரீல்பெட்டி எழுதியது:

வணக்கம். ஒரு சின்னப் படத்தில் தயாரிப்பு நிர்வாகியாக இருக்கிறேன். எல்லோரும் புதுமுகங்கள், பட்ஜெட் இரண்டு கோடிக்குக் கொஞ்சம் மேலே. படத்தின் பெயர் இப்போது வேண்டாம். அடுத்த மாதக் கடைசியில் ரிலீஸ், தமிழ்நாட்டில் எண்பது தியேட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். மலேசியா, வளைகுடா உரிமையை ஒருவரிடம் பேசி முடித்தாகிவிட்டது. ஓடிடி இன்னும் முடியவில்லை, தியேட்டரில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள்.

தயாரிப்பாளரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஹைகோர்ட்டில் ஒரு அசோக் குமார் ஆர்டர் வாங்கிவிட்டால் படம் நெட்டில் வராது என்று. தெரியாதவர்களுக்கு: திருடுகிறவன் யாரென்றே தெரியாதபோது 'அசோக் குமார்' என்ற கற்பனைப் பெயரைப் பிரதிவாதியாகப் போட்டு, கூடவே ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் என்று எல்லா இணைய நிறுவனங்களையும் சேர்த்து வாங்கும் தடை உத்தரவு அது. அதோடு லிங்க் தூக்கித் தருகிறோம் என்று ஒரு ஆன்டி பைரசி கம்பெனியும் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்துக் கேட்கும் தொகை எங்கள் மொத்த போஸ்டர் செலவைவிட அதிகம்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. 2018 தீபாவளிக்கு சர்கார் வந்தபோது 3,700 சொச்சம் இணையதளங்களை முடக்கச் சொல்லி சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டது, ஆனாலும் திருட்டுக் காப்பி அன்றைக்கே நெட்டில் வந்துவிட்டது. அதே மாதக் கடைசியில் 2.0 படத்துக்கு 12,000க்கும் மேற்பட்ட முகவரிகள், அதில் தமிழ்ராக்கர்ஸ் பெயரில் மட்டும் 2,000க்கு மேல். அதுவும் வந்தது. சன் பிக்சர்ஸாலும் லைகாவாலும் முடியாததை நாங்கள் கடன் வாங்கிச் செய்து என்ன ஆகப்போகிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 'மக்கள் திருந்தணும்' வகை பதில் வேண்டாம், எனக்கு இந்த வாரம் தயாரிப்பாளரிடம் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

புரொஜெக்டர்_ராசா எழுதியது:

அண்ணே, கோர்ட்டை அப்புறம் பார்க்கலாம். படம் எங்கிருந்து போகும் என்று முதலில் பாருங்கள். பத்து வருஷத்துக்கு மேல் புரொஜெக்ஷன் அறையில் இருப்பவன் சொல்கிறேன்.

நீங்கள் தியேட்டருக்கு அனுப்பும் படம் பூட்டுப் போட்டுத்தான் வருகிறது. ஹார்ட் டிஸ்க்கை எவனாவது தூக்கிக்கொண்டு போனாலும் ஒன்றும் செய்ய முடியாது. கேடிஎம் என்று ஒரு சாவி ஃபைல் தனியாக வரும், அது அந்தத் தியேட்டரின் அந்த சர்வருக்கு மட்டும், அந்தத் தேதிக்கு மட்டும்தான் வேலை செய்யும். பைனான்ஸ் பிரச்சினையில் 'இன்னும் கேடிஎம் வரலை, காலைக் காட்சி இல்லை' என்று ரசிகர்களைத் திருப்பி அனுப்புகிறோமே, அந்தச் சாவிதான். அதனால் தியேட்டரிலிருந்து ஃபைலாகப் படம் போகாது. திரையைப் பார்த்து எவனாவது எடுத்தால்தான் உண்டு.

அப்படி எடுத்தாலும் சர்வர் சும்மா விடாது. படம் ஓடும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டர்மார்க்கைப் படத்திலும் ஒலியிலும் கலந்துகொண்டே இருக்கும். எந்த சர்வர், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதெல்லாம் அதில் இருக்கும். செல்போனில் சாய்வாக எடுத்த பிரிண்டில்கூட அதைப் படித்துவிடலாம். தியேட்டர்களுக்கு டிஜிட்டலில் படம் அனுப்பும் கியூப் மாதிரி நிறுவனங்களிடம் கசிந்த பிரிண்டைக் கொடுத்தால் எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று சொல்லிவிடுவார்கள். எந்த சீட் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆள் தப்பிப்பது அங்கேதான். ஊரில் நானூறு பேர் உட்கார்ந்த காட்சியில் யார் என்று எப்படிச் சொல்வது? சிசிடிவி என்று ஒன்று இருக்கும், விளக்கை அணைத்தால் அதுவும் குருடு. அதிலும் டிக்கெட் கவுண்டரில் வாங்கியவனா, ஆன்லைனில் வாங்கியவனா என்பதைப் பொறுத்து இருக்கிறது விஷயம்.

2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ராயன் ஓடிக்கொண்டிருந்தபோதே ஒரு ஆளைப் பிடித்தார்கள் இல்லையா, அது முந்தைய ஒரு மலையாளப் படம் கசிந்த புகாரைப் பின்தொடர்ந்து வந்து, தியேட்டர்காரர்களையும் உஷார்படுத்திக் காத்திருந்து பிடித்தது. வாட்டர்மார்க் இடத்தைக் காட்டும், ஆளை மனிதர்கள்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, பெரிய படம் கசிவது தியேட்டரில். சின்னப் படம் பாதி நேரம் அதற்கு முன்னாலேயே கசியும். டப்பிங், சப்டைட்டில், சிஜி, டிரெய்லர் கட், சென்சார், பத்திரிகையாளர் காட்சி, ஓடிடிக்காரர்களுக்கு அனுப்பும் லிங்க், இப்படி எத்தனை கை. கூகுள் டிரைவ் லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்கிறவர்கள் எத்தனை பேர்! 2015இல் பிரேமம் கசிந்தபோது நெட்டில் வந்தது சென்சார் முத்திரை உள்ள காப்பி, தியேட்டரில் எடுத்தது இல்லை. உங்கள் காசை வைத்து முதலில் ஒவ்வொரு காப்பியிலும் வாங்குகிறவர் பெயரைப் பெரிதாக எரித்துக் கொடுங்கள், முழுப் படம் தேவைப்படாதவருக்கு முழுப் படம் கொடுக்காதீர்கள். இதற்கு ஒரு எடிட் அசிஸ்டென்டின் இரண்டு ராத்திரி போதும்.

சட்டமூலை எழுதியது:

வக்கீல்தான், ஆனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வக்கீலிடம் காகிதத்தைக் காட்டுங்கள்.

ஆர்டர் வாங்குவதால் படம் நெட்டில் வராது என்று சொன்னவர் பொய் சொல்கிறார் அல்லது அவருக்கே தெரியவில்லை. அந்த உத்தரவு கட்டுப்படுத்துவது இணைய நிறுவனங்களை, திருடனை இல்லை. அவர்கள் பெரும்பாலும் செய்வது என்ன? சைட் பெயரைக் கொடுத்தால் அது எந்த சர்வரில் இருக்கிறது என்று காட்டும் டிஎன்எஸ் என்ற முகவரிப் புத்தகத்தில் அந்த முகவரியைத் திறக்காமல் விடுவது. சைட் அப்படியே வேறு நாட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். போனில் டிஎன்எஸ்ஸை மாற்றத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையனுக்கு அது தடையே இல்லை. திருடனும் அன்று மாலையே டொமைனில் ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டு வருவான், நீங்கள் கோர்ட்டில் கொடுத்த பட்டியல் பழசாகிவிடும். 12,000 முகவரி என்று கேட்க மலைப்பாக இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே செத்த முகவரிகளாகவோ இன்னும் பிறக்காதவையாகவோ இருப்பதுதான் வழக்கம்.

இந்த விளையாட்டு 2012இலிருந்து நடக்கிறது. தனுஷின் 3 படத்துக்கு சென்னை ஹைகோர்ட்டில் வாங்கிய உத்தரவைக் காட்டி, விமியோ உட்பட முழு சைட்டுகளையே இணைய நிறுவனங்கள் மூடிவிட்டன. விமியோவில் குறும்படம் போட்டு வைத்திருந்தவன் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்புறம் ஜூனில் அதே கோர்ட், குறிப்பிட்ட லிங்க்கை மட்டும் மூடுங்கள், முழு சைட்டை இல்லை என்று தெளிவுபடுத்தியது. அதாவது ஒரு பக்கம் அகலமாக மூடினால் அப்பாவிகள் மாட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் லிங்க் லிங்க்காக மூடினால் திருடன் சிரிக்கிறான். 2019 ஏப்ரலில் டெல்லி ஹைகோர்ட் ஒரு நடுவழி கண்டுபிடித்தது. சைட்டின் பிழைப்பே திருட்டுதான் என்று காட்டினால் முழுதாக மூடலாம், அதன் மறுபிறவிகளுக்குப் புதிதாக வழக்குப் போட வேண்டாம், இணைப் பதிவாளரிடம் அபிடவிட் கொடுத்துச் சேர்த்துக்கொண்டே போகலாம். 2023 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே போய், இனிமேல் வரப்போகும் படங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு நீளும் என்றார்கள். ஆனால் இதெல்லாம் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் நடத்திய வழக்குகள். தினமும் ஒரு ஆளை உட்காரவைத்து முகவரி தேடி அபிடவிட் போட அவர்களால் முடியும்.

உங்களுக்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது, ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை. ஒளிப்பதிவுச் சட்டத்தை 2023இல் திருத்தியபோது தியேட்டரில் பதிவு செய்வதையும் அதைப் பரப்புவதையும் தனிக் குற்றமாக்கினார்கள். குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை, அபராதம் 3 லட்சத்தில் தொடங்கித் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. அந்த நவம்பரில் தகவல் ஒளிபரப்பு அமைச்சகமும் சென்சார் போர்டும் இந்தப் புகார்களை வாங்க 12 நோடல் அதிகாரிகளை (பொறுப்பு அதிகாரிகளை) நியமித்தன. உரிமையாளர் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் லிங்க்கை எடுக்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கோர்ட் வேண்டாம், சீனியர் வக்கீல் வேண்டாம். 48 மணி நேரம் என்பது வெள்ளிக்கிழமை படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும் என்று கேட்பீர்கள். ஆகும்தான். ஆனால் உங்கள் படம் ஓடினால் இரண்டாம் வாரத்தில்தான் ஓடும், அதனால் அது உங்களுக்கு உதவும்.

போலீஸ் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்திலேயே 2004இல் 'வீடியோ பைரேட்ஸ்' சேர்க்கப்பட்டார்கள். ஒரு வருடம் வரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம், அவ்வளவு கடுமை. அது பர்மா பஜாரில் திருட்டு விசிடி விற்றவனுக்காக எழுதியது. அவனுக்கு ஒரு கடை இருந்தது, முகம் இருந்தது, ஸ்டேஷனில் தெரிந்தவன். இன்றைக்கு எடுக்கிறவன் ஒரு மாநிலம், ஏற்றுகிறவன் இன்னொரு மாநிலம், சர்வர் ஐரோப்பாவில், டொமைன் எங்கேயோ ஒரு தீவில். கேரள போலீஸ் 2018 மார்ச்சில் தமிழ்ராக்கர்ஸ் நிர்வாகிகள் என்று சிலரைப் பிடித்தார்கள், சர்கார் நெட்டில் கசிந்தது அதே வருடம் நவம்பரில். மீதியை நீங்களே கணக்குப் போடுங்கள்.

மதியக்காட்சி எழுதியது:

எல்லோரும் திருடனைப் பற்றியே பேசுகிறீர்கள், பார்க்கிறவன் பக்கத்தையும் ஒருத்தன் சொல்ல வேண்டாமா. திட்டினாலும் பரவாயில்லை.

எங்கள் ஊர் ஒரு தாலுகா தலைநகரம். தியேட்டர் இரண்டு. அண்ணன் படம் மாதிரி ஒரு படம் வந்தால் ஒன்றில் மட்டும், அதுவும் மதியக் காட்சி மட்டும், வியாழக்கிழமை எடுத்துவிடுவார்கள். நல்லா இருக்கிறது என்று யூடியூப்பில் யாராவது சொல்லி அது என் காதுக்கு வருவதற்குள் படம் போயிருக்கும். சரி, ஓடிடியில் பார்க்கலாம் என்றால் எதில் வருகிறது என்றே தெரியாது. நான்கு வாரம் கழித்து வரும் சில படம், ஆறு மாதம் கழித்து வரும் சில படம், வராமலே போகும் பல படம். இருக்கிற ஓடிடிக்கெல்லாம் சந்தா கட்டினால் கேபிளை வெட்டிய லாபம் போச்சு. டெலிகிராமில் பெயரைத் தட்டினால் படம் வருகிறது. பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறவனுக்கு வாங்குகிற இடத்தைக் காட்டாமல் அசோக் குமார் மேல் கேஸ் போட்டு என்ன பிரயோஜனம்?

பெரிய ஹீரோ படத்தை முதல் நாள் பார்க்கக் கேம் பிரிண்ட் (தியேட்டரில் கேமராவில் திருட்டுத்தனமாக எடுத்த காப்பி) தேடுகிறவனை நான் ஆதரிக்கவில்லை. அது வேறு ஜாதி.

புரொஜெக்டர்_ராசா எழுதியது:

மதியக்காட்சி தம்பி, நீ சொல்வதில் பாதி சரி. வியாழக்கிழமை எடுப்பது ஏன் தெரியுமா, திங்கள், செவ்வாய், புதனில் பதினைந்து பேர்கூட வருவதில்லை, ஏசிக்கும் கரண்டுக்கும் வராது. அந்தப் பதினைந்து பேரில் நீ இல்லையே. டெலிகிராமில் பார்த்துவிட்டு 'படம் ஏன் ஓடலை' என்று கமென்ட் போடுகிறவர்களை எங்களுக்குத் தெரியும்.

லிங்க்வேட்டை எழுதியது:

லிங்க் தூக்கும் வேலையை நான்கு வருடம் செய்தேன், இப்போது இல்லை, அதனால் கொஞ்சம் திறந்து பேசலாம்.

ஆன்டி பைரசி கம்பெனி ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் லிங்க் தூக்கினோம் என்று ரிப்போர்ட் அனுப்பும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பாட் என்ற தானியங்கி மென்பொருளை வைத்து ஒரே ஃபைலின் நூறு மறுபதிவுக்கு நூறு நோட்டீஸ் போவதும் அதில் சேரும். கேட்க வேண்டிய கேள்வி: எந்த எந்த இடத்தில் தூக்குவீர்கள், எத்தனை மணி நேரத்தில், ராத்திரி ஷிப்ட் உண்டா. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணியிலிருந்து சனிக்கிழமை விடியும் வரைதான் உங்கள் படம் பரவும், அந்த நேரத்தில் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிற கம்பெனி இருக்கிறது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கே நோட்டீஸ் வேலை செய்யும் என்றால்: யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டா, கூகுள் தேடல். இங்கே கேட்டால் எடுப்பார்கள். யூடியூப்பில் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பியும், வேகத்தைக் கூட்டியும், ஓரத்தில் பார்டர் போட்டும் தானியங்கிச் சோதனையை ஏமாற்றப் பார்ப்பார்கள், அதற்குக் கண்ணால் தேடும் ஆள் வேண்டும். டெலிகிராமில் சேனலை மூடுவார்கள், பத்து நிமிடத்தில் அதே பெயரில் ஒரு புள்ளி சேர்த்து அடுத்த சேனல் வரும், பழைய ஆட்களுக்கு அழைப்பும் போய்விடும். 2022இல் டெல்லி ஹைகோர்ட் ஒரு கோச்சிங் ஆசிரியை போட்ட வழக்கில் சேனல் நடத்துகிறவர்களின் போன் நம்பர், ஐபி முகவரியைக் கொடுக்கச் சொல்லி டெலிகிராமும் கொடுத்தது, அதனால் அங்கே ஒளிந்துகொள்ள முடியாது என்பதில்லை. ஆனால் அது வழக்கு நடத்துகிறவருக்கு.

வேலை செய்யாத இடம் தமிழ்ராக்கர்ஸ் மாதிரி மூலத் திருட்டு சைட்டுகள். அவற்றில் படம் இருக்காது, டொரண்டில் படத்தை இறக்க உதவும் மேக்னெட் லிங்க்கும் வேறு சேமிப்பகங்களின் லிங்க்கும்தான். முன்னால் கிளவுட்ஃப்ளேர் மாதிரி ஒரு இடைநிலை நிறுவனம் திரையாக நிற்கும், பின்னால் சர்வர் எங்கே என்று தெரியாது. கேட்டால் உங்கள் புகாரை ஹோஸ்டிங் கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வரும், அந்தக் கம்பெனி புகாரைப் படிக்கவே படிக்காத நாடாகப் பார்த்துத்தான் சைட் நடத்துகிறவன் இடம் பிடித்திருப்பான். இவனுக்கு வருமானம் உங்கள் படத்தில் இல்லை, பந்தய ஆப் விளம்பரத்தில். கேம் பிரிண்டின் நடுவிலேயே பந்தய ஆப் பெயர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விளம்பரக் காசை அடைக்காமல் முகவரியை மட்டும் அடைப்பதில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. சட்டமூலை சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்டவருக்கு நேரடியாக: உங்கள் பெரிய ஆபத்து தியேட்டர் பிரிண்ட் இல்லை. புதுமுகப் படத்தின் கேம் பிரிண்டை மெனக்கெட்டு எடுக்க ஒருத்தன் டிக்கெட் வாங்குவது அபூர்வம். ஓடிடியில் வருகிற அன்று, ஒரு மணி நேரத்துக்குள், அப்படியே மூலத் தரத்தில் வெளியே வரும். போனில் சிப்புக்குள்ளேயே பூட்டு இருக்கும் வகை கொஞ்சம் கெட்டி, கம்ப்யூட்டர் பிரவுசரில் மென்பொருளாக மட்டும் இருக்கும் பூட்டு பலமுறை உடைக்கப்பட்டது. அதைத் தடுக்க உங்களால் முடியாது, ஓடிடிக்காரன்தான் செய்ய வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: பிரவுசரில் குறைந்த தரத்தில் மட்டும் ஓட்டுவார்களா, பார்க்கிற கணக்குக்குத் தனி வாட்டர்மார்க் போடுவார்களா, கசிந்தால் லிங்க் தூக்கும் செலவு யாருடையது. பெரிய தயாரிப்பாளர்களே இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் கம்பெனியை முதல் மூன்று நாளுக்கும் ஓடிடி தேதிக்கும் மட்டும் பிடியுங்கள், மாதக் கணக்கில் வேண்டாம். அந்தக் காசில் மதியக்காட்சி மாதிரி ஊர்களில் இன்னும் ஒரு வாரம் தியேட்டரில் நிற்க வாடகை கொடுக்கலாம்.

சட்டமூலை எழுதியது:

கோபம் இல்லை. ஆனால் ஆர்டரே வீண் என்று முழுசாகத் தள்ள மாட்டேன். முதல் மூன்று நாளில் நூறு கோடி எதிர்பார்க்கிறவனுக்கு, சோம்பேறியான பார்வையாளனை ஆறு மணி நேரம் தாமதப்படுத்தினாலே வக்கீல் பீஸ் வந்துவிடும். டிஎன்எஸ் மாற்றத் தெரியாத பெரியவர்கள் இந்த நாட்டில் நிறைய. உங்கள் பட்ஜெட்டுக்குக் கணக்கு ஒத்துவராது, அவ்வளவுதான்.

ரீல்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தயாரிப்பாளரிடம் பேசிவிட்டேன். ஆர்டர் வேண்டாம் என்பதற்கு ஒப்புக்கொண்டார், லிங்க் தூக்கும் கம்பெனியிடம் மூன்று நாள் கணக்குக்குப் பேசுகிறோம், முகம் சுளிக்கிறார்கள், பார்ப்போம். வெளியே போன காப்பிகளைக் கணக்கெடுத்தால் பதினெட்டு பேரிடம் முழுப் படம் இருக்கிறது, ராசா அண்ணன் சொன்னபடி எல்லோரிடமும் பழைய லிங்க்கை மூடிவிட்டுப் பெயர் போட்ட காப்பிதான் இனி. சட்டமூலை சார், ஒரே ஒரு சந்தேகம்: நோடல் அதிகாரியிடம் புகாரை நான் அனுப்பலாமா, தயாரிப்பாளர் பெயரில்தான் போக வேண்டுமா? மலேசியா பக்கம் கசிந்தால் யார் கொடுப்பது?

சட்டமூலை எழுதியது:

உரிமையாளர் அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஆள். ஒரு கடிதம் இப்போதே வாங்கி வையுங்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி தயாரிப்பாளர் போனை எடுக்க மாட்டார். உரிமை இல்லாதவர் புகார் கொடுத்தால் அது உண்மையா என்று அதிகாரி விசாரணை வைக்கலாம், நேரம் போகும். சென்சார் சான்றிதழ், லிங்க்குகளின் பட்டியல், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். பின்னால் போலீஸ், கோர்ட் என்று போனால் வெறும் ஸ்கிரீன்ஷாட் நிற்காது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பும் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) கேட்பார்கள். இறக்கிய அன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

மலேசியாவுக்கு உங்கள் ஓவர்சீஸ் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா என்றும்தான் எடுத்துக்கொள்வார்கள். சின்னப் படங்களில் இதை ஒரு பக்கக் காகிதத்தில் 'வெளிநாட்டு உரிமை முழுவதும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், அதில் இணைய உரிமை யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. நாடுகளைப் பெயர் சொல்லி, தியேட்டர் தனி, இணையம் தனி என்று பிரித்து, கசிவுப் புகார் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்றும் சேர்த்து, பிரிண்ட் அனுப்புவதற்கு முன்னால் திருத்தி எழுதி வாங்கிவிடுங்கள். அனுப்பிய பிறகு அவர் கையெழுத்துப் போட மாட்டார்.